அமெரிக்க வரலாற்று ஆய்வு: சான்றுகளை எங்கே தேடுவது, எதை நம்புவது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எம்.ஏ. வரலாறு படிக்கிறவர்களுக்கு அமெரிக்க வரலாறு ஒரு தாள். கைடு வைத்துத் தேர்வை ஓட்டிவிடுகிறவர்கள்கூட, ப்ராஜெக்ட் எழுதும் பருவத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது வரும் சந்தேகங்கள் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சுட்டும் என்பதால் எண் கொடுத்திருக்கிறேன்.

1. முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று, என்ன சார் வித்தியாசம்? ரொம்பப் பழைய புத்தகம் என்றால் முதன்மைதானே?

பழசு என்பதற்காக ஒன்று முதன்மைச் சான்று ஆகிவிடாது. நீங்கள் ஆராயும் காலத்தில், அந்த நிகழ்வோடு தொடர்புடையவர்கள் விட்டுச் சென்றது முதன்மைச் சான்று: கடிதம், நாட்குறிப்பு, நீதிமன்றப் பதிவு, சரக்குப் பட்டியல், அன்றைய பத்திரிகை. அவற்றை வைத்துப் பிற்பாடு ஒருவர் எழுதுவது இரண்டாம் நிலை.

ஆனால் எது எந்த வகை என்பதை உங்கள் கேள்விதான் தீர்மானிக்கும். ஜார்ஜ் வாஷிங்டன் சிறுவயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையை ஒப்புக்கொண்ட கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். வாஷிங்டன் இறந்தது 1799-ல். மேசன் வீம்ஸ் என்ற பாதிரியார் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் 1806-ம் ஆண்டுப் பதிப்பில்தான் இந்தக் கதை வருகிறது. வாஷிங்டனின் பால்யத்தைப் பற்றி எழுத அந்தப் புத்தகம் உதவாது. புதிய குடியரசு தன் தலைவரை எப்படி மகானாக்கியது என்பது தலைப்பானால், அதைவிட நல்ல முதன்மைச் சான்று கிடைப்பது கஷ்டம்.

2. கூகுளில் போட்டால் ஆயிரக்கணக்கில் வருது. எங்கே இருந்து ஆரம்பிக்கிறது?

மூல ஆவணத்தில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் தலைப்பில் அண்மையில் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பிடியுங்கள். கட்டுரையைப் படிப்பதைவிட அதன் அடிக்குறிப்புகளைப் பொறுமையாகப் படியுங்கள். எந்த ஆவணங்கள் எங்கே இருக்கின்றன, எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதை ஏற்கெனவே ஒருவர் தேடி எழுதி வைத்திருப்பார். ஆய்விதழ்களைத் திரட்டி வைத்திருக்கும் ஜேஸ்டோர் என்ற இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் முப்பது நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். ஒரு ப்ராஜெக்டுக்கு இது தாராளம்.

விக்கிபீடியாவும் இதே மாதிரிதான். அதை மேற்கோள் காட்டக் கூடாது. அதன் அடியில் உள்ள குறிப்புகளைப் பின்தொடர்ந்து போகலாம்.

3. காசு கட்டாமல் மூல ஆவணங்கள் கிடைக்குமா?

கிடைக்கும். அமெரிக்க வரலாற்றில் இருக்கும் பெரிய வசதியே இதுதான். கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் பணியில் எழுதியவற்றுக்கு அங்கே காப்புரிமை கிடையாது. வெளியாகி 95 ஆண்டு கடந்த புத்தகங்களும் பொதுச் சொத்து. அதனால் எக்கச்சக்கமானவை திறந்தே கிடக்கின்றன.

பழைய செய்தித்தாள்களுக்கு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் 'கிரானிக்லிங் அமெரிக்கா'. வாஷிங்டன், ஜெபர்சன், ஆடம்ஸ், ஃபிராங்ளின், ஹாமில்டன், மேடிசன் ஆகியோரின் கடிதங்களுக்கு நேஷனல் ஆர்க்கைவ்ஸ் நடத்தும் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்'. உள்நாட்டுப் போர் என்றால், இரு தரப்பு ராணுவ அறிக்கைகளையும் கடிதப் போக்குவரத்தையும் அரசே 1880 முதல் 1901 வரை 128 தொகுதிகளாக அச்சிட்டது. அத்தனையும் இணையத்தில் உண்டு. பழைய புத்தகங்களுக்கு ஹாத்தி ட்ரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ். ஹாத்தி ட்ரஸ்டில் சில புத்தகங்கள் அமெரிக்காவுக்கு வெளியே திறக்காது. அதே புத்தகத்தை மற்றதில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

4. அந்தச் செய்தித்தாள் தளத்தில் தேடினேன், ஒன்றுமே வரலை. அந்தச் சம்பவம் பத்திரிகையில் வரவே இல்லையா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். அன்றைக்குப் புழங்கிய சொல்லை வைத்துத் தேடினீர்களா? 1917-ல் யாரும் 'முதல் உலகப் போர்' என்று எழுதவில்லை. இரண்டாவது வரும் என்று அவர்களுக்குத் தெரியாதே. 'ஐரோப்பியப் போர்', 'மாபெரும் போர்' என்றுதான் இருக்கும். கறுப்பின மக்களைக் குறிக்க அன்று பயன்பட்ட சொற்களை இன்று நாம் சொல்லத் தயங்குவோம். ஆனால் தேடும் பெட்டியில் அவற்றைத்தான் இட வேண்டும்.

அடுத்தது, ஸ்கேன் செய்த பக்கத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் செய்யும் குளறுபடி. 18-ம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் சொல்லின் நடுவில் வரும் எஸ் எழுத்து பார்வைக்கு எஃப் மாதிரியே இருக்கும். கணினி அதை எஃப் என்றே படித்து வைத்திருக்கும். ஆகவே 1800-க்கு முந்தைய தாள்களில் எஸ் வரும் சொற்களை எஃப் போட்டும் ஒரு முறை தேடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால், தேதி தெரிந்த பட்சத்தில் அந்த வாரத்து இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். சலிப்பான வேலை, ஆனால் பக்கத்துப் பத்தியில் வேறொன்று கண்ணில் படும்.

5. வாஷிங்டன் பிறந்த தேதி ஒரு இடத்தில் 1731 பிப்ரவரி 11, இன்னொரு இடத்தில் 1732 பிப்ரவரி 22. எது தப்பு?

இரண்டும் சரி. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-ல்தான் பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டு இன்றைய நாட்காட்டிக்கு வந்தன. அதில் 11 நாள் தாண்டியது. அதோடு, பழைய முறையில் புத்தாண்டு மார்ச் 25-ல் தொடங்கியதால் பிப்ரவரி மாதம் முந்தைய ஆண்டோடு சேரும். 1752-க்கு முந்தைய தேதி எதை எழுதினாலும் எந்த நாட்காட்டி என்று பார்த்து எழுதுங்கள்.

6. கூடவே இருந்து கண்ணால் பார்த்தவரே சொன்னால் அதைவிட என்ன சான்று வேண்டும்?

சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட நாள் எது என்று கேட்டால் எல்லோரும் 1776 ஜூலை 4 என்பார்கள். ஜெபர்சன், ஆடம்ஸ், ஃபிராங்ளின் மூவருமே பிற்காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். மூவரும் அந்த அறையில் இருந்தவர்கள், கையெழுத்துப் போட்டவர்கள். ஆனாலும் தவறு. விடுதலைக்கு வாக்களித்தது ஜூலை 2. பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றது ஜூலை 4. அதைத் தோலில் அழகாக எழுதச் சொல்லித் தீர்மானம் போட்டது ஜூலை 19. பெரும்பாலானோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. கையெழுத்துகளில் ஒன்று நியூ ஹாம்ப்ஷயரின் மேத்யூ தார்ன்டனுடையது. குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் சபையில் அவர் உறுப்பினராக வந்து உட்கார்ந்ததே நவம்பரில்தான்.

சரி, நினைவு தப்பும், கூட்டக் குறிப்பேடு தப்பாது என்று முடித்துக்கொள்ளலாமா? முடியாது. காங்கிரஸ் அச்சிட்டு வெளியிட்ட நடவடிக்கைக் குறிப்பில், ஜூலை 4-க்குக் கீழேயே பெயர்ப் பட்டியலையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். படிப்பவருக்கு அன்றே கையெழுத்தானது போலத்தான் தோன்றும். ஆகஸ்ட் 2 பதிவு இருந்த ரகசியக் குறிப்பேடு அச்சுக்கு வந்தது 1821-ல். அதனால் நான் முதலில் பார்ப்பது, நிகழ்ந்ததற்கும் எழுதியதற்கும் இடையே எத்தனை காலம் என்பதை. அடுத்து, எழுதியது என் கைக்கு வருவதற்குள் நடுவில் யார் கை பட்டது என்பதை. பொய்யா மெய்யா என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

7. சியாட்டில் தலைவர் அமெரிக்க ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தை ப்ராஜெக்டில் சேர்க்கலாமா அக்கா? 'வானத்தை எப்படி விற்க முடியும்' என்று வருமே, அது.

சுற்றுச்சூழல் கூட்டங்களிலும் வாட்ஸ்அப்பிலும் தமிழில் நிறையச் சுற்றுகிறது. அழகான உரைதான். ஆனால் 1850-களின் பூர்வகுடி மக்களைப் பற்றிய சான்றாக அதைக் காட்ட முடியாது.

6-ல் சொன்ன இரண்டு கேள்விகளையும் இதில் போட்டுப் பாருங்கள். பூர்வகுடித் தலைவரான சியாட்டில், ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் முன்னிலையில் 1854-ல் தன் மொழியில் பேசியதாகச் சொல்லப்படுகிறது. அதை ஹென்றி ஸ்மித் என்ற மருத்துவர் ஆங்கிலத்தில் பத்திரிகையில் வெளியிட்டது 1887 அக்டோபர் 29. இடைவெளி 33 ஆண்டு. அதுவும் நாம் இன்று படிக்கும் வாசகம் இல்லை. நாம் படிப்பது 1972-ல் வந்த ஓர் ஆவணப்படத்துக்காக டெட் பெர்ரி என்ற திரைக்கதையாசிரியர் எழுதியது. படத்தில் அவர் பெயரைப் போடாமல் விட்டதால் சியாட்டிலே சொன்னது போல் ஆகிவிட்டது. ஜனாதிபதிக்குக் கடிதம் என்று ஒன்று அரசு ஆவணங்களில் அகப்படவே இல்லை.

இத்தனையும் தெரியாவிட்டாலும் உரைக்குள்ளேயே துப்பு இருக்கிறது. ஓடும் ரயிலில் இருந்து வெள்ளையர் சுட்டுத் தள்ளிய காட்டெருமைகள் சமவெளியில் அழுகிக் கிடந்ததைப் பார்த்தேன் என்று ஒரு வரி வரும். சியாட்டில் வாழ்ந்தது பசிபிக் கரையோரம். காட்டெருமை மேய்ந்த சமவெளி மலைகளுக்கு அப்பால். கண்டம் கடந்த ரயில்பாதை முடிந்தது 1869-ல். அவர் 1866-லேயே இறந்துவிட்டார். இந்த உரையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், 1970-களின் சுற்றுச்சூழல் இயக்கம் பூர்வகுடிகளை எப்படிக் கற்பனை செய்தது என்பதற்குச் சான்றாகச் சேருங்கள். வீம்ஸ் பாதிரியார் விஷயத்தில் 1-ல் சொன்னதுதான்.

8. லிங்கன் சொன்னார், ஜெபர்சன் சொன்னார் என்று வரும் பொன்மொழிகளைச் சீக்கிரமாகச் சரிபார்க்க வழி உண்டா?

ஜெபர்சன் முதலான தலைவர்கள் என்றால் 3-ல் சொன்ன ஃபவுண்டர்ஸ் ஆன்லைனில் அந்த வரியின் நடுவில் உள்ள நாலைந்து சொற்களை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். லிங்கனுக்கு அவருடைய எழுத்துகளின் தொகுப்பை மிச்சிகன் பல்கலைக்கழகம் இலவசமாக வைத்திருக்கிறது. ஜெபர்சனின் வீடான மான்டிசெல்லோவை நடத்துகிறவர்கள், அவர் சொல்லாமலே அவர் தலையில் கட்டப்பட்டவற்றுக்கு ஒரு தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். படிக்கச் சுவாரசியமாக இருக்கும். தேதியும் இடமும் இல்லாத பொன்மொழி எதையும் நான் சேர்ப்பதில்லை.

ஒருவர் உண்மையாகவே பேசியிருந்தும் வாசகம் மாறிப்போவது இன்னொரு வகை. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண் பேச்சாளர் சோஜர்னர் ட்ரூத் 1851-ல் ஒஹாயோவின் ஆக்ரனில் பேசிய புகழ்பெற்ற பேச்சில் 'நான் பெண் இல்லையா?' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். பேசிய சில வாரங்களில் ஒரு பத்திரிகையில் வந்த வடிவத்தில் அந்த வரியே கிடையாது. 1863-ல் ஃபிரான்சஸ் கேஜ் வெளியிட்ட வடிவத்தில்தான் அது வருகிறது, அதுவும் தென்மாநிலக் கொச்சையில். ட்ரூத் பிறந்து வளர்ந்தது நியூயார்க்கில். முதலில் பேசிய மொழி டச்சு. இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் அதுவே ஒரு நல்ல ப்ராஜெக்ட்.

9. அடிமையாக இருந்தவர்களின் பேட்டிகள் கிடைத்தன. ஆனால் பேட்டி எடுத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்களாமே. நம்பலாமா?

1936 முதல் 1938 வரை கூட்டாட்சி அரசின் எழுத்தாளர் திட்டத்தில் எடுத்தவை. 2,300-க்கும் மேல். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் படிக்கலாம். அடிமைமுறை ஒழிந்து எழுபது ஆண்டு கழித்து எடுத்தவை. பேசியவர்களில் பெரும்பாலோர் அடிமைமுறைக் காலத்தில் சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலம் வேறு. வந்திருப்பவர் அரசாங்க ஆள், உதவித்தொகைக்கு வழி பிறக்கும் என்று பலர் நினைத்தார்கள்.

இதன் விளைவை ஒரே ஆளிடம் பார்க்கலாம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சூசன் என்ற மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியாகப் பேட்டி எடுத்தார்கள். ஒன்றில் ஹாம்லின், மற்றதில் ஹாமில்டன் என்று பதிவாகியிருக்கிறது. வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் போனபோது, அவரை நிவாரண அலுவலகத்து ஆள் என்று சூசன் எடுத்துக்கொண்டார். எசமானர் ஃபுல்லர் நல்ல மனிதர் என்றார். கறுப்பினத்தவரான அகஸ்டஸ் லாட்சன் போனபோது வெளியே வந்தது வேறு: சாட்டையடி, பிரிக்கப்பட்ட குடும்பங்கள், இரவு கல்யாணமாகி மறுநாள் காலை விற்கப்பட்ட மனைவி, தெருவில் நின்று வெள்ளைக்காரியைத் திட்டித் தீர்த்த அந்தப் பெண்ணின் தாய்.

லாட்சன் எடுத்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. யார் முன்னால் எதைச் சொல்லலாம், எதை விழுங்க வேண்டும் என்று 1930-களின் சார்ல்ஸ்டனில் ஒரு கிழவிக்குத் தெரிந்திருந்ததற்கு முதல் பேட்டியே சான்று. ஆக, இந்தப் பேட்டிகளை எடுத்தால் பேட்டி கண்டவர் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள். மாணவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது அதைத்தான்.

10. உள்நாட்டுப் போர் அடிமைமுறைக்காக நடந்ததா, மாநில உரிமைக்காகவா? இரண்டுக்குமே சான்று இருக்கே?

இருக்கிறது. அவற்றைத் தேதி வாரியாக அடுக்குங்கள், பாதிக் குழப்பம் தீரும். பிரிந்து போன தென்மாநிலங்கள் அமைத்த தெற்குக் கூட்டமைப்பின் துணை ஜனாதிபதி அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், 1861 மார்ச் 21-ல் சவானாவில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே தங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாகச் சொன்னார். தோற்ற பிறகு எழுதிய பெரிய நூலில் அவரே அதை அரசமைப்புக் கொள்கைப் பிரச்சினையாக மாற்றிவிட்டார். இரண்டுமே ஸ்டீபன்ஸ் சொன்னதுதான், இரண்டுமே முதன்மைச் சான்றுதான். ஒன்று போர் தொடங்கும் முன், புதிய அரசுக்கு ஆதரவு திரட்டும்போது சொன்னது. மற்றது தோல்விக்குப் பின் பெயரைக் காப்பாற்ற எழுதியது.

பிரிந்து போன மாநிலங்களின் அறிக்கைகளையும் படியுங்கள். மிசிசிப்பி எடுத்த எடுப்பிலேயே அடிமைமுறையைச் சொல்கிறது. 1860 டிசம்பரில் தென் கரோலினா வைத்த முக்கியமான குறை, தப்பியோடிய அடிமைகளை வடமாநிலங்கள் திருப்பித் தர மறுக்கின்றன என்பது. அதாவது, வடமாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியதே அவர்களுக்குப் புகார்.

இரண்டாம் நிலை நூல்களுக்கும் தேதி முக்கியம். போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டன்னிங்கும் அவர் மாணவர்களும் 20-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதியவை கறுப்பர்களுக்கு வாக்குரிமை தந்ததையே தவறாகப் பார்த்தன. 1935-ல் கறுப்பின வரலாற்றாசிரியர் டூபாய்ஸ் அதை நேருக்கு நேர் மறுத்து எழுதினார். அந்தத் துறை அவர் பக்கம் திரும்ப இன்னும் பல ஆண்டு பிடித்தது. நூலக அலமாரியில் 1907-ம் ஆண்டுப் புத்தகம் கிடைத்தால் இதை மனதில் வைத்துத் திறங்கள்.

11. மக்கள்தொகைக் கணக்கில் ஒரு குடும்பத்தைத் தேடுகிறேன், பெயரே இல்லை. ஏன்?

எந்த ஆண்டு என்பதைப் பொறுத்தது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் உரிமையாளர் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, பாலினம், நிறம் மட்டும். அந்த மக்கள் பெயரோடு பதிவானது 1870-ல்தான். 1890 கணக்கெடுப்பு 1921-ல் நடந்த தீ விபத்தில் பெரிதும் சேதமானது; மிஞ்சியதையும் பின்னால் அழித்துவிட்டதால் ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. அப்புறம், 72 ஆண்டு கழித்துத்தான் தனிநபர் விவரங்களை வெளியிடுவார்கள். 1950-க்கானது 2022-ல் வந்தது, 1960-க்கு 2032 வரை காத்திருக்க வேண்டும்.

12. புகைப்படம் என்றால் சந்தேகப்பட வேண்டியதில்லைதானே?

1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னர் குழு எடுத்த படம் ஒன்று: பாறைகளுக்கு நடுவே இறந்து கிடக்கும் தென்படைத் துப்பாக்கி வீரன், பக்கத்தில் சாய்த்து வைத்த துப்பாக்கி. அதே உடல் வேறோர் இடத்தில் கிடப்பதையும் அதே குழு படமெடுத்திருக்கிறது. காட்சிக்காக உடலைத் தூக்கி வந்து கிடத்தினார்கள் என்று நூறு ஆண்டு கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஒரு படம் கிடைத்தால் அதே நாளில் அதே ஆள் எடுத்த மற்ற படங்களையும் தேடிப் பாருங்கள்.

13. ஏஐயிடம் கேட்டால் மேற்கோளோடு தருதே, அதைப் போடலாமா?

அது தரும் புத்தகம், பக்க எண், பெட்டி எண் எதையும் நீங்களே திறந்து பார்க்காமல் போடாதீர்கள். இல்லாத கட்டுரைக்கு இருக்கும் பேராசிரியர் பெயரைப் பொருத்தி, நம்பும்படி எழுதித் தந்துவிடும். 4-ல் சொன்ன மாதிரி அன்றைய சொற்கள் என்னென்ன என்று கேட்க உதவும். அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

14. அமெரிக்க வெளியுறவுத் துறையே வெளியிட்ட ஆவணத் தொகுப்பு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்தானே?

1861-ல் தொடங்கிய வரிசை அது, இணையத்தில் இலவசம். வங்கதேசப் போரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு 1971 தெற்காசிய நெருக்கடித் தொகுதி ஒரு புதையல். டாக்காவில் இருந்த தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், ஏப்ரல் 6-ல் தன் அரசின் மௌனத்தைக் கண்டித்து அனுப்பிய தந்தியை அங்கேயே படிக்கலாம். ஆனால் அது தேர்ந்தெடுத்த தொகுப்பு. வாஷிங்டனில் முடிவெடுத்தவர்களின் மேசையில் இருந்து பார்த்த பார்வைதான் அதில் மிகுதி. ரகசியம் என்று நீக்கிய வரிகளும் உண்டு. எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று அதிலேயே குறித்திருப்பார்கள், அந்தக் குறிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அன்றைய ஜனாதிபதி நிக்சனின் உரையாடல்களுக்கு எழுத்து வடிவம் மட்டும் போதாது; ஒலிப்பதிவுகளும் கிடைக்கின்றன, கேளுங்கள்.

15. நம்ம ஊரோடு தொடர்புள்ள அமெரிக்க வரலாறு ஏதாவது எடுக்கலாமா? இங்கேயே ஆவணம் இருக்குமா?

எடுக்கலாம். சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1840-களில் கட்டியது. அவருடைய நிறுவனக் கணக்குகள் ஹார்வர்டின் பேக்கர் நூலகத்தில் இருக்கின்றன. இந்தியத் தரப்பு ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் தேடலாம்.

யாழ்ப்பாணத்துக்கு 1816-லும் மதுரைக்கு 1834-லும் வந்த அமெரிக்க மிஷனின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. அவற்றில் இருந்து எடுத்துப் பாஸ்டனில் அச்சிட்ட மாத இதழ் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அந்த இதழ் நன்கொடை தரும் திருச்சபையாருக்காகத் தொகுத்தது. மிஷனரிகளுக்குள் நடந்த சண்டையையும் சம்பளப் புகாரையும் அதில் எதிர்பார்க்க முடியாது. அதற்கு அசல் கடிதமே வேண்டும்.

16. அசல் அங்கே பெட்டியில் இருக்கு, நான் இங்கே இருக்கேன். என்ன பண்றது?

மின்னஞ்சல் எழுதுங்கள். ஆவணக்காப்பாளர்கள் பொதுவாக உதவும் மனமுள்ளவர்கள், ஆனால் 'மதுரை மிஷன் பற்றிய எல்லாம் அனுப்பவும்' என்றால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் அந்தத் தொகுப்பின் விளக்கப் பட்டியலை நூலகத் தளத்தில் எடுத்துப் படியுங்கள். எந்தத் தொடர், எந்தப் பெட்டி, எந்தக் கோப்பு என்பதுவரை அதில் இருக்கும். பிறகு மூன்று நான்கு வரியில் கேளுங்கள்: நான் இன்ன பல்கலைக்கழக மாணவர், தலைப்பு இது, இந்தப் பெட்டியில் இந்தக் கோப்பில் 1845 முதல் 1847 வரையிலான கடிதங்கள் எத்தனை பக்கம் வரும், ஸ்கேன் செய்து தர என்ன கட்டணம், ஏற்கெனவே எண்மமாக்கி வைத்திருக்கிறீர்களா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். முன்பு வேறு யாரோ கேட்டு ஸ்கேன் செய்தது தளத்தில் ஏறாமல் அவர்களிடம் கிடக்கலாம். அப்படி இருந்தால் பணம் மிச்சம். பதில் வரச் சில வாரம் ஆகும். ஆகவே பருவத் தொடக்கத்திலேயே எழுதுங்கள், சமர்ப்பிக்கும் தேதிக்கு முந்தின வாரம் எழுதிவிட்டு என்னிடம் வராதீர்கள்.